பிரம்பும் பெற்றோல் முள்ளும்

விழா மலருக்கு யாப்பிலக்கணம் பற்றியோ பழந்தமிழ்ப் புலவர் பற்றியோ யாம் எழுதுவோம் என மலர்க்குழுவினர் எதிர்பார்த்திருத்தல் கூடும். அன்பர்கள் பொறுத்தருள்க. யாம் எழுத எடுத்துக்கொண்டது ஒரு பெற்றோல் தாங்கியின் வரலாறு. எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் அதில் இடம்பெறுதலின், இம்மலருக்கு அது முற்றும் புறம்பானதன்று என்பது எம் துணிபு.

எம் தந்தையார் பரந்தனில் வயல் செய்தவர். அதன் பொருட்டு அவர் வாங்கிய பழைய லாண்ட் றோவர் இன்றும் எம் முற்றத்தில் நிற்கின்றது. அவ்வினத்து முதல் வண்டி 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமாயிற்று. எம்முடையது 1970களில் வந்த குட்டை வண்டி. மேலுடல் அலுமினியம், ஆதலின் ஆங்கு இரும்புக் கறளுக்கு வேலையில்லை. ஆனால் அடிச்சட்டமும், சாரதி ஆசனத்தின் கீழுள்ள தாங்கியும் இரும்புத் தகடு. கறளுக்கு அவ்விரண்டும் போதும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கே பெற்றோல் வருதல் தடையுண்டது. யாழ்ப்பாணத்து வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயை ஊட்டும் அவ்வித்தையைக் கண்டோர் இம்மலரை வாசிப்போருட் பலர் இருப்பர். எம் வண்டியும் அவ்வாறே ஓடிற்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கிச் சென்ற இரவில், மானியின் முள் அரைத் தாங்கி என்று காட்டிற்று. நாவற்குழிப் பாலத்தை அணுகுமுன்னரே இயந்திரம் ஓய்ந்தது. தாங்கியிற் சொட்டும் இல்லை. மழையில், அச்சனத்திரளினூடே, நடக்கவியலாத எம் பாட்டியாரைத் தந்தையாரும் யாமும் மாறி மாறிச் சுமந்தோம். அப்பொழுது எமக்கு வயது 14. வண்டியைப் பின்னர் உழவு இயந்திரக்காரர் ஒருவர் இழுத்து வந்து சேர்த்தார். அன்றுதொட்டுத் தந்தையார் முள்ளை நம்பியதேயில்லை. பூவரசந்தடியைத் தாங்கியுள் விட்டு, ஈரம் ஏறிய அளவைப் பார்த்தே புறப்படுவார். பிற்காலத்தில், பள்ளியில் ஓய்வுபெற்ற எம் பிரம்பு அத்தடியின் இடத்தைப் பெற்றது.

2022இல் நாடெங்கும் எரிபொருள் அருகியதும், அவ்வாண்டு யூலையிற் கியூஆர் பங்கீடு வந்ததும் யாவரும் அறிவர். மோட்டார்க் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். வரிசையிற் காத்துநின்று பெற்ற அதனை எம் தாங்கி சொட்டுச் சொட்டாக மணலுக்கு ஈந்துகொண்டிருந்தது. நீர் பெற்றோலினும் பாரமானது. பன்னெடுங்காலம் உள்ளே வியர்த்துச் சேர்ந்த நீர் அடியில் தங்கித் தகட்டை அரித்துவிட்டது. சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பினோம். அது பெற்றோலிற் கரையாதாகையாற் சில நாள் தாக்குப்பிடித்தது. பின்னர் ஒட்டுப்போடும் எண்ணத்துடன் ஒரு கராஜை நாடினோம்.

ஆங்குக் கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றவர் எம் மாணவர். வெண்பாவை அலகிடச் சொன்னால் நேரசை எது, நிரையசை எது என மயங்கி நின்றவர். அதன் பொருட்டு எம் கையால் அடி வாங்கியவர். "உனக்கு அளவு என்பதே தெரியாது" என யாம் வகுப்பறியக் கூறியதும் எமக்கு நன்கு நினைவிருந்தது.

"ஒட்ட வேண்டாம், சேர். நிறைஞ்ச தாங்கியிலும் வெறுந்தாங்கிதான் பொல்லாதது. உள்ளுக்கு ஆவி நிக்கும். நெருப்புக் காட்டினால் வெடிக்கும். தகடும் கடதாசியாப் போச்சு. புதுசு போடுவம்" என்றார்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து புதிய தாங்கியும், கராஜில் யூனிற் என வழங்கும் மிதவைக் கருவியும் வந்தன. அவர் முதலிற் பற்றரியின் இணைப்பைக் கழற்றினார். ஆசனத்தை நீக்கி, அடியடைப்பைத் திறந்து எஞ்சியதை வடித்தார். முதல்நாளே எண்ணெய் ஊறவிட்ட ஆணிகளைக் கழற்றித் தாங்கியைக் கீழ்வழியாக இறக்கினார். பழைய மிதவையின் கை நடுவில் இறுகிக் கிடந்தது. எம்மை நடுவழியிற் கைவிட்ட அதே அரைத் தாங்கி! 27 ஆண்டுகள் கழித்து அதனைக் கையில் எடுத்துப் பார்த்தோம்.

அதன் இயல்பு எளிது. எண்ணெயோடு மிதவை ஏறியிறங்க, அதன் கை ஒரு தடைக்கம்பிச் சுருளின்மேல் நகரும். அதனால் மின்னோட்டம் கூடிக் குறையும். முள் அதற்கேற்ப அசையும். அம்மின்னோட்டம் தாங்கியின் உடலூடாகவே அடிச்சட்டத்துக்குத் திரும்புதல் வேண்டும். புதிய கருவியைத் தாங்கியுட் பூட்டுமுன் அவர் வெளியே வைத்து, வயர் கொடுத்து, மிதவையைக் கையால் உயர்த்தினார். முள் எழுந்தது. பூட்டியபின் எழவில்லை.

பிழை எம்முடையது. கறள் மீண்டும் அணுகாதிருக்க, முதல்நாள் மாலை யாமே புதுத் தாங்கிக்குக் கறுப்பு வர்ணம் இருமுறை பூசியிருந்தோம். ஆணித் துளைகளையும் விட்டிலோம். "ஏர்த் இல்லை, சேர். பெயின்ற் கரண்டை விடாது" என்று கூறி, ஓர் ஆணியடியில் வர்ணத்தைச் சுரண்டி, சட்டத்துக்கு ஒரு கம்பி தொடுத்தார். யாம் முள்ளையே நோக்கி நின்றோம். அசைவில்லை. "பொறுங்கோ சேர், அது சூடேறித்தான் எழும்பும்." மெல்ல எழுந்தது.

அக்கிழமைப் பங்கை ஐந்தைந்து லீற்றராக ஊற்றி முள்ளைச் சரிபார்க்க, அளவுகோல் ஒன்று கேட்டார். ஆசனத்தின் பின்னிருந்த பிரம்பை நீட்டினோம். வாங்கிப் பார்த்தவர் சிரித்தார்.

"இது எங்கட வகுப்புப் பிரம்பெல்லோ, சேர்?"

யாம் சிரித்திலோம். அவர் ஐந்து லீற்றருக்கு ஒன்றாக அதில் நான்கு வெட்டுகள் இட்டார். ஒவ்வொன்றும் மயிரிழை பிசகாதது. அன்று யாம் கூறிய சொல் அவருக்கு நினைவுண்டோ என வினவுதற்கு எமக்குத் துணிவு வரவில்லை. பொருந்தாக் கூற்று அது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். "எது சேர்?" என்று கேட்டவர், விடைக்குக் காத்திராமல் அடுத்த வண்டியின் கீழ்ச் சென்றுவிட்டார்.

மானி இப்பொழுது பொய்யுரைப்பதில்லை. ஆயினும் வண்டி எடுக்கும்போதெல்லாம் தந்தையார் திண்ணையிலிருந்து, "தடி விட்டுப் பார்த்தனியோ?" என்று கேட்பார். யாம் இறங்கிச் சென்று, பிரம்பை விட்டுப் பார்த்து, அவர் காண உயர்த்திக் காட்டிவிட்டே புறப்படுகின்றோம்.