இறந்தகாலத்தின் விதி

ஆங்கில வினைச்சொல்லின் ஈற்றில் 'எட்' சேர்த்தால் இறந்தகாலம் உண்டாகும் என்று பள்ளிப் பருவத்திலே நாம் மனப்பாடம் செய்த விதி, எழுத்தில் ஒன்றாகத் தோன்றினாலும் உச்சரிப்பில் மூன்று ரூபங்கள் கொள்கிறது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்: 'வாக்ட்' என்பதன் ஈற்றொலியில் அதிர்வில்லை, 'ப்ளேட்' என்பதில் அதிர்வுண்டு, 'வாண்டட்' என்பதிலோ அது தனி அசையாகவே பிரிந்து நிற்கிறது.

1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், 'ரிக்' என்று புதிதாக ஒரு வினையைக் கற்பித்து, அதை நேற்றுச் செய்தவன் என்ன செய்தான் என்று சிறுவர்களை வினவியபோது, அவர்களிற் பெரும்பாலோர் 'ரிக்ட்' என்றே விடையளித்தனர். ஒருநாளும் கேட்டிராத சொல்லுக்கும் விதியைப் பிரயோகிக்கும் அந்தச் சக்தியை என்னென்று வியப்பது!

ஆகையால், 'கோ' என்பதற்கு 'வென்ட்' என்னாமல் 'கோட்' என்று ஒரு குழந்தை சொல்லுமானால், அதை அறியாமை என்று கடிந்துகொள்ளாதீர்கள். 'வெண்ட்' என்னும் வேறொரு வினையிலிருந்து சரித்திர வசத்தால் வந்து புகுந்த அந்த வடிவத்தைப் பொறுமையோடு சொல்லிக்கொடுங்கள். அக்குழந்தை இலக்கணத்தைத் தானாகவே கண்டுகொண்டுவிட்டது என்பதே என் திடமான அபிப்பிராயம்.