ஹார்மோன் ஜெல்லா, பேட்ச்சா? பாவாடை நாடாவையும் கணக்குல எடுங்க

"மெனோபாஸுக்கு ஹார்மோன் எடுக்கலாமா டாக்டர்? ஜெல் நல்லதா, பேட்ச் நல்லதா?" இது எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையா படிங்க. எனக்கு வயசு 51. ஒன்றரை வருஷமா நானும் எடுத்துக்கறேன். எழுதிக் கொடுத்தது மகப்பேறு மருத்துவரான என் தோழி. அந்த விஷயத்துல நான் வெறும் பேஷண்ட்தான்.

எல்லாருக்கும் இது தேவையில்லை. ராத்திரி மூணு தடவை வியர்த்து எழுந்து, மறுநாள் தெரிஞ்சவங்க பேர்கூட ஞாபகம் வராம தடுமாறுறீங்கன்னா, பேச வேண்டிய நேரம் வந்தாச்சு. ஒரு பள்ளி ஆசிரியை விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துட்டு என்கிட்ட வந்தாங்க. வகுப்பு நடுவுல வியர்த்துக் கொட்டுது, பசங்க சிரிக்கிறாங்கன்னு அழுதாங்க. 23 வருஷ சர்வீஸ். "இந்த வயசுல அப்படித்தாம்மா"ன்னு அதுக்கு முன்னாடி இரண்டு இடத்துல சொல்லி அனுப்பியிருந்தாங்க. மூணு மாசம் டைம் கொடுங்கன்னு கேட்டுக்கிட்டேன். இரண்டாவது மாசமே கடிதத்தைத் திரும்ப வாங்கிட்டாங்க.

"ஹார்மோன்னா கேன்சர் வரும்" என்ற பயம் பெரும்பாலும் 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அதில் கொடுத்தது மாத்திரை. பெண்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜனோடு செயற்கை புரோஜெஸ்டின் சேர்த்து எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்குக் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ரிஸ்க் இல்லைன்னு சொல்லல, அளவு என்னன்னு தெரிஞ்சு பயப்படுங்கன்னு சொல்றேன். 60 வயசுக்குள்ள, அல்லது மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கிற பெரும்பாலான ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மைதான் அதிகம்.

சரி, ஏன் தோல் வழி? மாத்திரை குடலிலிருந்து நேரா கல்லீரலுக்குப் போகும். அங்கே ரத்தம் உறைய வைக்கிற புரதங்களைக் கூட்டிவிடும். தோல் வழியா போனா அந்த முதல் சுற்று கிடையாது. அதனால காலில் ரத்தக்கட்டு வரும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. உடல் பருமன், மைக்ரேன் இருக்கிறவங்களுக்கு இது முக்கியம். மார்பகப் புற்றுநோய் விஷயத்துல மட்டும் தோல் வழிக்கு இந்தச் சலுகை இருக்குன்னு நினைச்சுக்காதீங்க.

ஜெல்லிலும் பேட்ச்சிலும் இருப்பது ஒரே எஸ்ட்ராடியால்தான். வாரம் இரண்டு தடவை மாத்துற 50 மைக்ரோகிராம் பேட்ச்சும், தினமும் 1.5 மில்லிகிராம் ஜெல்லும் ஏறத்தாழ சமம். பேட்ச் ஒரே சீரா மருந்தை விடும், மறதிக்காரங்களுக்கு வரம். ஜெல்லில் அளவைக் கூட்டிக் குறைக்கிறது சுலபம், ஆனா தினமும் தடவணும்.

புத்தகத்துல இவ்வளவுதான் இருக்கும். நம்ம ஊர் நிஜம் வேற. லண்டன்ல இருக்கிற என் தங்கைக்கு பேட்ச் அருமையா ஒட்டுது. எனக்குச் சென்னைச் சித்திரை வெயில்ல, பாவாடை நாடா உரசி, இரண்டாம் நாளே ஓரம் சுருண்டுடுச்சு. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற அன்னிக்குக் கேட்கவே வேண்டாம். அப்புறம் நாடா படாத புட்டத்துக்கு மாத்தினேன், நின்னுச்சு, ஆனா அரிப்பு. கடைசியில ஜெல்லுக்கு வந்துட்டேன். இங்கே மருந்துக்கடையில ஜெல் கிடைக்கிற அளவுக்கு பேட்ச் கிடைக்கிறதும் இல்லை.

ஜெல்லுக்கும் ஒரு சிக்கல் உண்டு. காயும்வரை அஞ்சு நிமிஷம் தனியா இருக்கணும். ஒரே அறையில ஆறு பேர் இருக்கிற வீட்டுல அந்த அஞ்சு நிமிஷம் எங்கே கிடைக்கும்? காயாத ஜெல் குழந்தை மேல பட்டா அதன் உடம்புலயும் ஹார்மோன் ஏறும். பேரனைத் தூக்குறவங்க கையில தடவாம தொடையில தடவுங்க, கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க. மார்பில் எதையும் தடவவோ ஒட்டவோ கூடாது.

இதை மட்டும் மறக்காதீங்க: கர்ப்பப்பை இருந்தா ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கவே கூடாது. கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சு புற்றுநோய் வரைக்கும் போகலாம். புரோஜெஸ்ட்ரோன் கூடவே வேணும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கலாம், அவங்க சீட்டைக் காட்டி நீங்க வாங்காதீங்க. மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, கல்லீரல் நோய் இருக்கிறவங்களுக்கு வேற மருந்துகள் இருக்கு, கேளுங்க. மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், ஜெல், பேட்ச் பேச்சையெல்லாம் தள்ளி வெச்சுட்டு முதல்ல ஸ்கேன் எடுக்க வாங்க.