ஒடித்துப் பார்க்க முடியுமா?

மஞ்சள் விளையும் ஊரில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் காரின் வயிற்றுக்குள் இருப்பதைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள், சகோதரிகளே. போன ஐப்பசி வரை எனக்கும் அந்தக் கவலை இருந்ததில்லை.

நாமகிரிப்பேட்டையில் எங்களுக்கு ஒரு பழைய டீசல் கார் உண்டு. மிளகு வாங்குவதற்காக என் வீட்டுக்காரர் வாரம் ஒரு முறை அதில் கொல்லிமலை போய் வருவார். ஒரு நாள் வண்டி மேடு ஏற மறுத்தது. பின்னால் ஒரே நீலப் புகை. "டர்போ போயிருச்சுங்க" என்றார் மெக்கானிக்.

டர்போ வேறொன்றுமில்லை. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் மாட்டுக்கு வைக்கிறோமே, அந்த மாதிரி சிக்கனம்தான். வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேலே சுழலும் அந்தத் தண்டைத் தாங்குவது, மெல்லிய ஒரு படலம் எண்ணெய்!

"புதுசு 38,000 ரூபாய், பழசு 9,000-க்குக் கிடைக்குது" என்றார் அவர். பீரோவில் மஞ்சள் விற்ற பணம் இருந்தது. ஆனால் அது மகளின் ஹாஸ்டல் கட்டணத்துக்கு வைத்தது. "பழசே வாங்குங்க" என்றேன் நானும்.

மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போனோம். சாமான் துடைத்து வைத்த குத்துவிளக்காகப் பளபளத்தது. எங்கள் ஊரில் விரலி மஞ்சளை ஒடித்து, உள்ளே நிறம் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். இதை ஒடித்துப் பார்க்க முடியுமா?

"விரலால அசைச்சுப் பாருங்கக்கா" என்றார் மெக்கானிக். தண்டு பக்கவாட்டில் இம்மி அசையலாம். முன்னும் பின்னும் அசையவே கூடாதாம். சக்கரத்தின் இதழ்களில் பிசிறு இருக்கக் கூடாது. சுவரில் உரசிய தடம் கூடாது. உள்ளே எண்ணெய்க் கசிவு கூடாது. மேலே பொறித்த எண் நம் வண்டிக்கு ஒத்துப்போக வேண்டும். எல்லாப் பரீட்சையிலும் அது தேறிவிட்டது!

அவர் பர்ஸை எடுத்தார். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏனுங்க அண்ணா, நம்ம டர்போ எதனால கெட்டுச்சு?"

பட்டறைக்குத் திரும்பி, எண்ணெய் வரும் குழாயைக் கழற்றினார் மெக்கானிக். உள்ளே தார் மாதிரி கசடு. 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலை 22,000 வரை மாற்றவில்லையாம். என் வீட்டுக்காரர் கூரையில் ஏதோ அதிசயம் இருப்பது போல் அண்ணாந்து பார்த்தார்.

அந்தக் குழாயோடு எந்த டர்போவை மாட்டினாலும் அதே கதிதான். "கசியற ஆயிலையே குடிச்சு எஞ்சின் தறிகெட்டு ஓடுறதும் உண்டுங்க. சாவியைத் திருப்பினாலும் நிற்காது" என்றார். கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் என் கண்முன் வந்தன. மிச்சப்படுத்தப் பார்த்த 29,000 ரூபாய் மறந்தே போயிற்று.

மேல்கூடு நன்றாக இருந்ததால் உள்பாகம் மட்டும் புதிதாகப் போட்டோம். குழாய், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய். ஹாஸ்டலுக்குக் குறைந்த தொகைக்காக என் வளையல்கள் இரண்டு அடகுக்குப் போயிருக்கின்றன; அடுத்த மஞ்சளில் திரும்பி வரும்.

பழைய சாமானே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்கப் போவது நல்லதா என்று பார்ப்பதற்கு முன்னால், இருந்தது ஏன் கெட்டது என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குக் காசு செலவில்லை.

இப்போதெல்லாம் மலையிலிருந்து வந்ததும் அவர் எஞ்சினை உடனே நிறுத்துவதில்லை. டர்போவின் சூடு தணிய ஒரு நிமிஷம் ஓடவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் நான் வாசல் கேட்டைச் சாத்திவிட்டுக் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிடுகிறேன்.