மருந்திட்ட கை

வன்னி நாட்டைக் காண விழைவோர், கண்டி வீதியில் மாங்குளம் வரை வந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பி முல்லைத்தீவுப் பாதையிற் செல்வது நன்று. இருமருங்கும் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நிற்கும். மடு, முறிப்பு, குளம் எனத் தண்ணீரையே பெயரிற் சுமந்த ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். சென்ற தை மாதம், நெற்கதிர் முற்றிய வேளையில், அவ்வழியே ஒட்டுசுட்டானுக்குச் சென்றிருந்தேன்.

தான்தோன்றீசுவரரைத் தரிசித்தபின் அண்மையிலுள்ள கற்சிலைமடுவையும் பார்த்தேன். முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியனை, ஆங்கிலேயர் படையைச் சேர்ந்த கப்டன் டிறிபேர்க் 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி தோற்கடித்த இடம் அது. துவக்கு இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதை அவ்விடம் நினைவூட்டுகிறது. அச்சொல்லே துருக்கி மொழியிலிருந்து வந்ததென்பர் அறிஞர். ஆயினும் வன்னிக் கமக்காரனுக்கு அது போர்க்கருவியன்று. விளைந்த நெல்லைப் பன்றியிடமிருந்து காக்கும் காவற்கருவி.

அன்றிரவு என்னை அழைத்திருந்த நண்பரின் வயலிற் காவற்கொட்டிலில் அமர்ந்திருந்தோம். நண்பரின் தகப்பனாரும் உடனிருந்தார். எண்பதை அண்மிய வயது. அவர் தேநீர்க் குவளையை ஏந்தியபோதுதான் இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லாதிருப்பதைக் கண்டேன். கேட்கத் தயங்கினேன், அவரே கூறினார்.

"இடியன் துவக்கு தின்ற விரல், தம்பி. குற்றம் துவக்கினது அன்று, என்னுடையது."

இடியன் என்பது குழல்வாய் வழியே மருந்தை இட்டு, தும்பால் அடைத்து, கோலால் இடித்து, அதன்மேற் சன்னத்தை இட்டு மீண்டும் அடைக்கும் பழந்துவக்கு. கந்தகமும் வெடியுப்பும் கரியும் சேர்ந்ததே அந்தக் கரிமருந்து. பெரியவருக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு மாலை மருந்திட்டு வைத்த துவக்கைச் சுடாமலே கொட்டிலிற் சாத்தியிருந்தார். மறுநாள் அதை மறந்து மீண்டும் மருந்திட்டார். இரட்டை மருந்தைத் தாங்காது குழல் பிளந்தது.

"அதன் பிறகு கோலிலே இரண்டு கொத்து வெட்டினேன். வெறுங்குழலிற் கோலை விட்டால் ஒரு கொத்து வாயோடு நிற்கும். மருந்திருந்தால் மற்றது நிற்கும். துவக்கைத் தொட்டவுடன் முதல்வேலை கோல் விட்டுப் பார்ப்பது."

அருகிற் கிடந்த பூவரசந் தடியொன்றை எடுத்து அதைச் செய்துங் காட்டினார். வேறு விதிகளும் சொன்னார். சன்னம் மருந்தோடு நெருங்கி இருத்தல் வேண்டும். நடுவே வெற்றிடம் விழுந்தாற் குழல் வெடிக்கும். மருந்துக் கொம்பிலிருந்து நேரே குழலிற் கொட்டலாகாது. முன்னைய வெடியின் கங்கு உள்ளே கிடப்பின் கொம்பே வெடித்துவிடும். சிறு அளவைக் குவளையால் மட்டும் இடுக. பொறி தட்டியும் வெடியாவிடில் குழலை ஆளில்லாத் திசைக்கு நீட்டிப் பொறுத்திருக்க வேண்டும். மருந்திடும்போது பேச்சும் சுருட்டும் கூடா.

பள்ளியிற் பயிலாத இம்முதியவரின் விதிகளையே, மேல்நாட்டில் வெற்றுத் தோட்டாக்களைத் தம் கையால் மீண்டும் நிரப்பும் வேட்டைக்காரரும் கைக்கொள்கின்றனர். ஒவ்வொரு மருந்தையும் தராசில் நிறுப்பர். அச்சிட்ட அட்டவணையிற் கண்ட குறைந்த அளவிலிருந்தே தொடங்குவர். நிரப்பிய கோதுகளை வரிசையாக வைத்து வெளிச்சத்தில் உள்ளே நோக்கி, இரட்டை மருந்து விழவில்லையென உறுதி செய்வர். ஒரு மேசையில் ஒரு வகை மருந்தையே வைப்பர். 1884இல் பிரான்சியர் வியேய் கண்ட புகையற்ற மருந்து, கரிமருந்தினும் வலிமை மிக்கது. கரிமருந்துக்குரிய குவளையால் அதனை அளந்து பழந்துவக்கில் இட்டவன் பிழைத்தால் அது தெய்வச் செயலே.

இவ்வளவு கவனமும் துவக்கு ஒருவன் கையில் இருக்கும்வரைதான். கையை விட்டு, காட்டுப்பாதையின் குறுக்கே கம்பியோடு மரத்திற் கட்டப்படும்போது அது கட்டுத்துவக்கு ஆகிறது. வருவது பன்றியா, தேனெடுக்க வரும் அயலவனா என்று அதற்குத் தெரியாது. அநுமதியின்றித் துவக்கு செய்தலும் வைத்திருத்தலும் 1916ஆம் ஆண்டின் சுடுகலச் சட்டப்படி குற்றம். ஆயினும் காட்டுக்குள் அது இன்னும் கட்டப்படுகிறது. மனிதரும் மிருகமும் அதில் அகப்பட்டுக் கால் இழக்கின்றனர்.

பெரியவரின் துவக்கு இன்றில்லை. போர்க்கால இடப்பெயர்வில் வீட்டோடு அதுவும் போயிற்று. அது போகுமுன், கட்டுத்துவக்காக்கக் கேட்டு வந்த இளைஞர் சிலரைத் திருப்பி அனுப்பியதை நினைவுகூர்ந்தார்.

"கேட்டவர்களுக்கு என்ன சொன்னீர்கள், ஐயா?"

"மருந்திட்டவன் பக்கத்தில் இருக்கவேண்டும். பிழை வந்தால் அவன் விரல்தான் போகவேண்டும். ஊரான் கால் போகக்கூடாது என்றேன்."

நள்ளிரவுக்குமேல் வயலின் கீழ்க்கரையிற் சலசலப்புக் கேட்டது. நண்பர் தகரத்தைத் தட்டினார். பெரியவர் நெருப்பைக் கிளறிவிட்டுக் குரல் கொடுத்தார். பன்றிகள் காட்டை நோக்கி ஓடின. விடிந்தபின் சென்று பார்த்தோம்; வரப்போரம் சிறிது நெல் சாய்ந்திருந்தது. "இவ்வளவுதானே, போகட்டும்" என்று கூறிய பெரியவர், மண்வெட்டியை எடுத்துச் சரிந்த வரப்பைச் செப்பனிடத் தொடங்கினார்.