பின்பக்க ஆட்டம்: பிவட் பேரிங் பற்றிச் சில குறிப்புகள்

'பின்பக்கம் லூஸாக இருக்கிறது' என்று ஒரு மலை சைக்கிள் வந்ததும் அலன் கீயை எடுத்து எல்லா போல்ட்டையும் இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். போல்ட் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் இறுக்குவது சரி. பின்பக்கம் ஏறி இறங்க அசையும் மூட்டுகளில், அதாவது பிவட்டுகளில், பேரிங் தேய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது. போல்ட் அழுத்துவது உள் வளையத்தின் பக்கவாட்டை. தேய்மானம் இருப்பதோ குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில். இரண்டு பேரிங்குக்கு நடுவே ஸ்பேசர் இல்லாத டிசைன் என்றால் இன்னும் மோசம். உள் வளையம் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, குண்டுகள் பள்ளத்தின் நடுவை விட்டு விளிம்பில் ஏறி ஓடும். ஆட்டம் கொஞ்ச நாள் மறைந்திருக்கும். பிறகு பேரிங்கே போய்விடும். அலுமினிய ஃப்ரேமில் அதோடு மரையும் போனால் செலவு எங்கேயோ போய் நிற்கும்.

*

சின்ன ஆட்டம் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? மெயின் பிவட்டில் இடது, வலது பேரிங்குகளுக்கு நடுவே 65 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பின்சக்கர அச்சு 430 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. பேரிங்கில் 0.1 மி.மீ. ஆட்டம் இருந்தால் அச்சில் அது 0.6 மி.மீ.யைத் தாண்டும். டயரின் விளிம்பில் இன்னும் கூடும். நாலு மூட்டு உள்ள ஃப்ரேமில் மூட்டுக்கு இரண்டாக எட்டு பேரிங். ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சேர்த்தால் வளைவில் பின்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது.

புதுப் பேரிங்கிலும் இடைவெளி சுத்தமாக இல்லாமல் இருக்காது. 10 மி.மீ.க்கு மேல் 18 மி.மீ. வரை உள்விட்டம் கொண்ட சாதாரண குண்டு பேரிங்குக்கு 3 முதல் 18 மைக்ரான் வரை இடைவெளி வைத்தே தயாரிக்கிறார்கள். அழுத்திப் பொருத்தும்போது வெளி வளையம் சற்றுச் சுருங்கி, அதில் ஒரு பகுதி குறைந்துவிடும். கைக்குத் தெரிகிற ஆட்டம் இந்த அளவையெல்லாம் எப்போதோ தாண்டியது.

*

குண்டு பேரிங்கின் கதையில் சைக்கிளுக்குப் பெரிய இடம் உண்டு. பாரிஸ் நகரத்து சைக்கிள் மெக்கானிக் ஜூல் சுரிரே 1869இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு நவம்பரில் நடந்த பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் ஜெயித்தது குண்டு பேரிங் வைத்த வண்டியில்தான். அந்தப் பேரிங் சக்கரத்தில் இருந்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றும்போது குண்டுகள் கிரீஸை எல்லாப் பக்கமும் இழுத்துப் பூசிக்கொள்ளும். சுமையும் வளையம் முழுவதும் மாறி மாறி விழும்.

பிவட்டில் இந்த இரண்டுமே நடப்பதில்லை. 150 மி.மீ. பயணம் உள்ள ஒற்றை பிவட் ஃப்ரேம் முழுக்க அமுங்கினாலும் மெயின் பிவட் சுமார் 20 டிகிரிதான் திரும்பும். சாதாரணப் பாதையில் அதில் ஒரு சிறு பகுதிதான். கதவுக் கீல் மாதிரி முன்னும் பின்னும் அசைகிறதே தவிர ஒரு சுற்றுகூடச் சுற்றுவதில்லை. அதே சில குண்டுகள், வளையத்தின் அதே இடம், அதன்மேல் ஒவ்வொரு இறக்கத்திலும் இடி. அங்கிருந்து ஒதுங்கிய கிரீஸைத் திரும்பக் கொண்டுவர எதுவும் இல்லை.

1930களில் அமெரிக்காவில் இதே நோயை வேறு இடத்தில் பார்த்தார்கள். ரயிலில் ஏற்றி அனுப்பிய புதுக் கார்களின் சக்கர பேரிங்குகளில், குண்டு உட்கார்ந்த இடத்தில் எல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. ஓடிய கார் நன்றாக இருக்க, ஓடாமல் நின்றபடி ரயிலின் அதிர்வில் நடுங்கிய கார் கெட்டுப்போனது. இதற்கு 'ஃபால்ஸ் பிரினெல்லிங்' என்று பெயர். மலை சைக்கிளின் பிவட் பேரிங்கைக் கழற்றி, கையில் வைத்து மெல்லச் சுற்றினால் குறிப்பிட்ட இடங்களில் 'டக், டக்' என்று நிற்கும். அந்தப் பள்ளம்தான் இது.

பள்ளம் விழுந்த பேரிங்குக்குக் கிரீஸ் மருந்தாகாது. மாற்றத்தான் வேண்டும்.

*

கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தரையில் நிறுத்தி, சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். சக்கரம் தரையை விட்டு எழும் முன் 'டொக்' என்று ஒரு தட்டு கேட்டால் முதல் சந்தேகம் ஷாக்கின் இரு முனைகளிலும் இருக்கும் புஷ் மேல்தான். பிவட் ஆட்டம் என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் ஷாக் புஷ் தேய்ந்தவை நிறைய. புஷ் விலை குறைவு, வேலையும் சுலபம். ஒரு விரலை ஷாக்கின் கண்ணும் ஃப்ரேமும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டு தூக்கிப் பாருங்கள். ஆட்டம் அங்கே என்றால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு பின்சக்கரத்தின் உச்சியைப் பிடித்து இடவலமாக அசையுங்கள். ஹப் பேரிங் போயிருந்தால் சக்கரம் மட்டும் ஆடும், ஃப்ரேம் அசையாது. த்ரூ ஆக்ஸில் சரியாக இறுகியிருக்கிறதா பாருங்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பின் முக்கோணத்தையே பிடித்து அசைத்தும் பாருங்கள். ஆட்டம் அப்படியே இருந்தால்தான் பிவட் பக்கம் வர வேண்டும். மெயின் பிவட், செயின்ஸ்டே மூட்டு, ராக்கர் லிங்க் என்று ஒவ்வொரு இடைவெளியிலும் விரல் நுனியை வைத்து, இன்னொருவரை அசைக்கச் சொல்லுங்கள். கண்ணைவிட விரல் நுட்பமாகச் சொல்லும்.

கடைசி சோதனைதான் எல்லாவற்றிலும் நம்பகமானது. ஷாக்கின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தைக் கையால் முழுப் பயணத்துக்கும் ஏற்றி இறக்குங்கள். நல்ல பேரிங் என்றால் பின்பக்கம் தன் எடையிலேயே வழுக்கி இறங்கும். மண் கடிப்பதுபோல் நறநறத்தாலோ நடுவில் நின்றாலோ எந்த மூட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். ஷாக் மாட்டியிருக்கும்போது இந்த நறநறப்பு எளிதில் தெரியாது. ஆட்டமே இல்லாமல் இறுகிப்போன பேரிங்கும் கெட்ட பேரிங்தான் என்பது இந்தச் சோதனையில்தான் வெளிப்படும்.

*

போல்ட் தளர்ந்துதான் இருந்தது என்றால்: கழற்றி, பழைய பசையைத் துடைத்து, மரையை ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நீல நிற லாக்டைட் 243 ஒரு சொட்டு விட்டு, ஃப்ரேம் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஒரே ஃப்ரேமில் மூட்டுக்கு மூட்டு அளவு மாறும். சில போல்ட்டுகள் இடது மரை. கழற்றும் முன் ஃப்ரேம் கையேட்டைப் பாருங்கள்.

சான்டா குரூஸ் நிறுவனத்தின் வி.பி.பி. ஃப்ரேம்களின் கீழ் லிங்க்கில் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் இருக்கும். பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்திவைத்தால்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் அங்கே இறுக்கிச் சரிசெய்ய இடமுண்டு. கிரீஸ் கன் வைத்து அடிக்கக் கீழ் லிங்க்கில் நிப்பிளும் உண்டு. முதல் உரிமையாளருக்கு ஆயுள் முழுக்க பேரிங் இலவசம் என்றும் அந்த நிறுவனம் தருகிறது. பேரிங் தேயும் பொருள், அதை மாற்றுவது வண்டியின் வாழ்க்கையில் ஒரு பகுதி என்று ஒப்புக்கொள்ளும் டிசைன் இது. மற்றவர்களும் பின்பற்ற வேண்டும்.

*

பேரிங் வாங்குவது. பக்கவாட்டு ரப்பர் சீலில் நம்பர் இருக்கும். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. 6900 என்றால் 10, 22, 6. இவை சைக்கிளுக்கென்று பிறந்தவை அல்ல. உலகம் முழுக்க ஒரே அளவு. கோயம்புத்தூர் போன்ற மோட்டார், பம்ப் தொழில் ஊர்களில் பேரிங் கடைக்காரரிடம் நம்பரைச் சொன்னாலே போதும். மெல்லிய 69, 68 வரிசைகள் கையிருப்பில் இல்லையென்றாலும் வரவழைத்துத் தருவார்கள். நம்பருக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்க வேண்டும்: இரு பக்கமும் ரப்பர் சீல். தகர மூடி போட்டது பிவட்டுக்கு ஆகாது.

ஒரு விஷயத்தில் கவனம். சில ஃப்ரேம்களில் உள் வளையம் வெளி வளையத்தைவிட அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும். நம்பர் ஒன்றாக இருந்தாலும் சாதாரண பேரிங் அங்கே பொருந்தாது. பழையதைக் கையோடு கொண்டுபோய் வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள்.

'மேக்ஸ்' என்று போட்ட பேரிங் கிடைத்தால் அதையே வாங்கலாம். உள்ளே குண்டுகளைப் பிரித்துவைக்கும் கூடு இருக்காது. அந்த இடத்திலும் குண்டுகளே நிறைந்திருக்கும். குண்டோடு குண்டு உரசும் என்பதால் வேகமாகச் சுற்றும் சக்கரத்துக்கு அது உகந்ததல்ல. அசைய மட்டுமே செய்கிற பிவட்டுக்குச் சுமை தாங்கும் சக்தி கூடுவதுதான் முக்கியம்.

எந்தப் பேரிங் ஆனாலும், மாட்டும் முன் ஊசி முனையால் சீலை உள்விளிம்பில் மெல்ல நெம்பித் திறந்து பாருங்கள். வேகமாகச் சுற்றும் வேலையை நினைத்து, உள்ளே மூன்றில் ஒரு பங்குதான் கிரீஸ் வைத்திருப்பார்கள். பிவட்டுக்கு நிறைத்துவிட வேண்டும். நல்ல வாட்டர்ப்ரூஃப் கிரீஸ். காலி இடம் இருந்தால்தானே தண்ணீர் வந்து உட்காரும்.

*

கழற்றுவது. உள் வளையத்தைப் பிடித்து இழுத்தாலே அந்தப் பேரிங்கின் ஆயுள் முடிந்தது, திரும்ப மாட்டக்கூடாது. புதியது கையில் வந்த பிறகே பழையதைத் தொடுங்கள். வாஷர்கள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் தடுப்பு இல்லாத இடம் என்றால் பொருத்தமான சாக்கெட்டை வைத்து வெளியே தள்ளலாம். ஒரு பக்கம் மூடிய குழி என்றால் பிளைண்ட் புல்லர் வேண்டும். கார்பன் ஃப்ரேமில் சுத்தியல், ஹீட் கன் இரண்டும் கூடாது. அலுமினியத்தில் மிதமான சூடு உதவும். அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், 28 மி.மீ. குழியை 60 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் கிட்டத்தட்ட 0.04 மி.மீ. அகலமாகும். அது போதும், பிடி தளர்ந்துவிடும். புதிய பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் மாட்டுவதும் எளிது.

மாட்டும்போது ஒரே விதி: அழுத்தம் வெளி வளையத்தின் மேல் மட்டும். உள் வளையத்தை அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் போய், புதுப் பேரிங்கில் அன்றே பள்ளம் விழும். நீளமான த்ரெட் ராடு, இரண்டு நட், கனமான வாஷர்கள், வெளி வளையத்தின் அளவுக்குச் சாக்கெட் அல்லது லேத்தில் கடைந்த வட்டத் துண்டு. இவ்வளவு இருந்தால் விலை உயர்ந்த பிரெஸ் தேவையில்லை. கோணலாக ஏறத் தொடங்கினால் உடனே நிறுத்தி, வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

*

பேரிங் நன்றாக இருந்து, போல்ட் இறுகியிருந்தும் ஆட்டம் இருந்தால் குழியே பெரிதாகியிருக்கலாம். தளர்ந்த போல்ட்டோடு பல மாதம் ஓட்டிய வண்டிகளில் இது நடக்கும். கழற்றும்போது பேரிங் விரலாலேயே வந்துவிடும். குழியின் சுவரில் கருப்புப் பொடி இருக்கும். அலுமினியம் உரசி அரைந்த பொடி அது.

இடைவெளி 0.1 மி.மீ.க்குள் என்றால் லாக்டைட் 641 போன்ற ரிடெய்னிங் பசை காப்பாற்றும். பின்னால் கழற்ற முடிகிற அளவுக்கு அது பிடித்துக்கொள்ளும். 638 போன்ற பலமான வகைகள் பிடியை விட வேண்டுமானால் கடும் சூடு தேவைப்படும். அடுத்தமுறை பேரிங் மாற்றுகிறவர் படாதபாடு படுவார். குழியும் வளையமும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்க வேண்டும், பசை சீலுக்குள் போகக்கூடாது, ஒரு நாள் முழுக்க வண்டியைத் தொடக்கூடாது.

குழியின் விளிம்பில் சென்டர் பஞ்ச் வைத்துக் குத்தி இறுக்கும் பழக்கம் பழைய மோட்டார் பட்டறைகளில் உண்டு. இங்கே அதைச் செய்யாதீர்கள். பேரிங் சில புள்ளிகளில் மட்டும் தாங்கி நிற்கும். மெல்லிய வளையம் வட்டம் கெடும். சில சவாரிகளில் அந்தப் புள்ளிகளும் நசுங்கிவிடும். இடைவெளி 0.1 மி.மீ.யைத் தாண்டியிருந்தால் ஸ்விங் ஆர்மையோ லிங்க்கையோ மாற்றுவதுதான் நேர்மையான வைத்தியம். நல்ல லேத்காரர் குழியைப் பெரிதாக்கிப் புஷ் போட முடியும்தான். ஆனால் எதிரெதிர் குழிகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அதை உறுதியாகச் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

*

தண்ணீர். நீலகிரியில் ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் ஓட்டினால் பேரிங்குக்கு ஆயுள் குறையும். அதற்காக ஓட்டாமல் இருக்க முடியாது. ஆனால் சவாரி முடிந்ததும் பைக் வாட்டர் வாஷ் கடையில் நிறுத்தி, பிவட்டுக்கு நேராகப் பிரஷர் கன் அடிக்க விடுவதைத் தவிர்க்கலாம். மழை போகாத இடத்துக்கும் அந்தத் தண்ணீர் போகும். வாளித் தண்ணீர், பிரஷ், துணி போதும்.

*

மாட்டி முடித்த பின், ஒவ்வொரு பிவட் போல்ட்டின் தலையிலிருந்து ஃப்ரேம்வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். முதல் சவாரி முடிந்து வந்ததும் கோடுகளைப் பாருங்கள். ஒன்று விலகியிருந்தாலும் அந்த போல்ட்டைக் கழற்றி, துடைத்து, லாக்டைட் விட்டு, சொன்ன டார்க்கில் திரும்ப இறுக்குங்கள். தளர்ந்த போல்ட்டோடு இன்னொரு இறக்கம் ஓட்டாதீர்கள். பேரிங்கை வாங்கிவிடலாம்; ஃப்ரேமில் பெரிதாகிப்போன குழியைத் திரும்ப வாங்க முடியாது.