கானை வெட்டிவிட்டுக் கன்றை நடுவோம்

பெப்ரவரி 3, செவ்வாய்

சுற்றாடல் முன்னோடிக் குழு கூடியது. இந்த வருடம் என்ன செய்யலாம் என்று கேட்டேன். "மரம் நடுவோம் டீச்சர்" என்றார்கள் அத்தனை பேரும். உலகச் சுற்றாடல் தினமான யூன் 5 வந்தால் கன்று, பதாகை, படம். மறு வருடம் அதே குழியில் வேறு கன்று. மாசி, பங்குனியில் மேல் மலை ஊற்று மெலிந்து, பீலியில் நூல் போலத்தான் தண்ணீர் விழும். மலசலகூடத்துக்கே பிள்ளைகள் வாளி சுமக்கிறார்கள். கன்றுக்கு யார் ஊற்றுவது?

பெப்ரவரி 12, வியாழன்

பெற்றோர் கூட்டம். பாடசாலையைப் பசுமையாக்குவது பற்றி நான் பேசி முடித்ததும், தோட்டத்தில் கான் வெட்டியே வயதுபோன ஒரு தாத்தா எழுந்தார். "மரம் நடுறது இருக்கட்டும் டீச்சர். ஸ்கூலுக்குப் பின்னால கான் தூந்து கெடக்கு. மொதல்ல அதப் பாருங்க."

போய்ப் பார்த்தோம். வகுப்பறைக்கு மேலே சரிவின் குறுக்கே ஓடும் கான், மண்ணும் சருகும் பிஸ்கட் உறையுமாக மூடித் தரைமட்டத்துக்கு வந்திருந்தது. கரையில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. கான் திறந்திருந்தால் மழைநீர் ஓரமாக ஓடிவிடும். தூர்ந்தால் சரிவுக்குள் இறங்கி மண்ணைக் கனக்க வைக்கும். நிலவெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று எல்லாம் மண்சரிவின் முன்னறிகுறிகள். 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் நுவரெலியா மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகு இதைப் பாடமாக மட்டும் படிப்பிக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அதிபர் அன்றைக்கே கடிதம் எழுதினார்.

வெள்ளைக்காரன் கோப்பிக்காகக் காட்டை அழித்தான். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை வந்தது. காடு பிடித்திருந்த மண்ணைக் கானும் மானாப்புல்லும்தான் பிறகு பிடித்தன. கான் வெட்ட ஆளில்லாத இடத்தில் மண் பூண்டுலோயா ஆற்றில் இறங்கி, கொத்மலை ஓயாவில் சேர்ந்து, 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தில் படிகிறது. எங்கள் விளையாட்டு மைதானத்தில் பாதி அங்கேதான் கிடக்கும்.

பெப்ரவரி 27, வெள்ளி

சிரமதானம். வெடிப்புப் பக்கம் பிள்ளைகளை விடவில்லை. தாத்தா வாட்டம் பார்த்துச் சொல்ல, தகப்பன்மார் கானைத் திறந்தார்கள். அள்ளிய மண்ணைக் கீழ்க்கரையில் அணைத்து, மானாப்புல்லை நெருக்கமாக வரிசை பிடித்து ஊன்றினோம்.

குப்பையில் பாதிக்கு மேல் லஞ்ச் சீட். 2017இலேயே தடை செய்த சாமான். ஆனாலும், விடியுமுன் ரொட்டி சுட்டு, சம்பல் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு மலைக்கு ஓடும் தாயிடம் சட்டம் பேச எனக்கு வாய் வரவில்லை. சாப்பாட்டுப் பெட்டிக்கு வழி செய்துவிட்டுப் பேச வேண்டும்.

உக்கும் குப்பையைச் சேதனப் பசளையாக்குவோம் என்றதும் ஒருவர் சிரித்துவிட்டார். 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியதில் கொழுந்து குறைந்ததை அவர் மறக்கவில்லை. அரசாங்கம் கெடுத்த பெயரைக் கீரைப் பாத்திதான் மீட்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

தரம் 9 கணித பாடம் முற்றத்தில் நடந்தது. கட்டடம் 60 அடி நீளம், 20 அடி அகலம். கூரைப் பரப்பு நூறு சதுர மீற்றருக்குச் சற்றுக் கூட. ஒரு மில்லிமீற்றர் மழைக்கு நூறு லீற்றர். பத்து மில்லிமீற்றர் பெய்தால் ஆயிரம். "அவ்வளவும் சும்மா போகுதா டீச்சர்?" என்றாள் ஒரு பிள்ளை. சும்மா போகவில்லை. பீலி இல்லாத கூரையிலிருந்து விழுந்து அத்திவாரத்தை அரித்துக்கொண்டு போகிறது.

மார்ச் 24, செவ்வாய்

மானாப்புல் பெரும்பாலும் வேர் பிடித்துவிட்டது. கீரை முளைத்திருக்கிறது. தண்ணீர்தான் இன்னும் வாளியில்.

கொழும்பில் கடை வைத்திருக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. யூன் 5க்குக் கன்று கொண்டுவர வேண்டாம். வைகாசி மழைக்கு முன் இரண்டு தண்ணீர்த் தாங்கியும் 120 அடி கூரைப் பீலியும் அனுப்பிவையுங்கள். கன்றுகளை நாங்களே நட்டுக்கொள்கிறோம்.