தொட்டி உடைந்தால் தண்ணீர் எங்கே போகும்?

வரவேற்பறையின் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் நாலைந்து தங்க மீன்கள். இன்று நம் வீடுகள் பலவற்றில் இது சாதாரணக் காட்சி. சோறு உண்ண மறுக்கும் பிள்ளையை அதன்முன் இருத்தி நாலு கவளம் ஊட்டிவிடலாம் என்பது தாய்மார் எல்லோருக்கும் தெரியும். வாங்கும்போது மீனின் நிறத்தைப் பார்க்கிறோம், தொட்டியின் விலையைப் பேசுகிறோம். ஆனால் இது உடைந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தது குருக்கள்மடத்தில் உள்ள ஒரு வீடு.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில் இருக்கிறது அந்த ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். துறையில் நின்றால் வாவிக்கு அப்பால் அம்பிளாந்துறை. 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் 26 கடல்கோள், 2011 ஜனவரிப் பெருவெள்ளம் என்று இந்தக் கரை மக்கள் தண்ணீரின் எல்லா முகங்களையும் பார்த்தவர்கள்.

காத்தான்குடியில் இருக்கும் எங்களுக்குக் குருக்கள்மடம் பஸ்ஸில் சிறிது நேரப் பயணம்தான். ஆனால் 1990 ஜூலையில் நடந்தவற்றுக்குப் பிறகு அந்தத் தூரம் எங்கள் வீடுகளில் மிகவும் நீண்டு போயிருந்தது. அதை எனக்குக் குறுக்கித் தந்தவர், என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா. நோன்புப் பெருநாளுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். பாடசாலை விடுமுறையில் நான் அவர் வீட்டுக்குப் போவேன்.

அப்படிப் போயிருந்த ஒரு மாரிகால மாலையில்தான் அது நடந்தது. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தொட்டிப் பக்கமிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் தொட்டியின் அடிப்பாகத்திலிருந்து தண்ணீர் பாய ஆரம்பித்துவிட்டது. மூன்றடித் தொட்டி. நிலமெல்லாம் தண்ணீர், அதோடு வந்த இரண்டு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"அம்மம்மா, மீன் சாகுது!" என்று கத்திக்கொண்டு அக்காவின் பேத்தி வெறுங்காலோடு ஓடி வந்தாள். அப்போதுதான் என் கண்ணில் அது பட்டது. தொட்டியின் பின்னால் மல்டி பிளக் நிலத்தில் கிடக்கிறது. பல்ப் எரிகிறது. பம்ப் ஓடுகிறது. தண்ணீர் அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

பாய்ந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். "அக்கா, தண்ணிக்குள்ள கால் வைக்காதீங்க! மெயின் சுவிட்ச் எங்க?" என்றேன். "பின் விறாந்தையில தங்கச்சி" என்றவர், மகளைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். வீடு இருண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். ஈர நிலத்தில் வெறுங்காலோடு நிற்கும் ஒரு குழந்தைக்கு அது என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இறைவன் காப்பாற்றினான்.

பிறகு டோர்ச் வெளிச்சத்தில் வேலை தொடங்கியது. கசியும் இடத்துக்குக் கீழே பேசினை வைத்தோம். தொட்டியில் மிஞ்சியிருந்த தண்ணீரை வாளிகளில் அள்ளி, அந்தத் தண்ணீரிலேயே மீன்களை விட்டோம். இதற்குள் தண்ணீர் திரைச்சீலைக்கு அடியால் படுக்கையறைக்குள் போயிருந்தது. அங்கே கட்டிலுக்குக் கீழே ஓர் அட்டைப் பெட்டி.

அதைக் கண்டதும் அக்கா அப்படியே நிலத்தில் அமர்ந்துவிட்டார். கடல்கோளில் அவர் வீட்டுப் பத்திரங்கள், படங்கள் எல்லாம் போயிருந்தன. பல வருடங்களாக அலைந்து எடுத்த பிறப்புச் சான்றிதழ்களும், காணி உறுதியின் பிரதியும், உறவினர் ஒருவர் கொடுத்த அவருடைய தாயாரின் படமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. "தொட்டி போகட்டும், மீனும் போகட்டும். இது ரெண்டாம் தரம் தங்கச்சி" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டால் தாமாகவே விலகும். பிறகு படம் மேலே தெரியும்படி துணியில் பரப்பி, வெயில் படாமல் நிழலில் காயவிட வேண்டும். காகிதங்களுக்கு இடையில் வெள்ளைத் துணியை வைத்து ஈரத்தை ஒற்றி எடுக்கலாம். அப்படித்தான் செய்தோம். தாயாரின் படத்தில் ஒரு மூலை மட்டும் அழிந்தது. முகம் தப்பியது.

சகோதரிகளே, அன்று செய்த வேலைகளை வரிசைப்படுத்திச் சொல்கிறேன். முதலில் மின்சாரம். தண்ணீரில் கால் வைக்காமல் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அந்தச் சுவிட்சுக்குப் போகும் வழியே ஈரமாக இருந்தால் போக வேண்டாம், எல்லோரும் வெளியேறி உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். இரண்டாவது, பிள்ளைகளை அப்புறப்படுத்துவது. மூன்றாவது, மற்ற அறைகளின் வாசற்படியில் சாக்கையோ பழைய சீலையையோ சுருட்டிப் போட்டு, தண்ணீரை வெளி வாசல் பக்கம் கூட்டித் தள்ளுவது. நான்காவது, நிலத்தில் இருக்கும் பொருட்களை உயர்த்துவது. மீன் அதற்குப் பிறகுதான். தண்ணீர் பட்ட பிளக்குகளை மின்வேலை தெரிந்தவர் பார்க்கும்வரை மறுபடி இணைக்கக் கூடாது.

மீன்களும் பிழைத்தன. அகலமான பேசினில் பழைய தண்ணீரில் விட்டு, மேலே வலை போட்டு மூடினோம். ஒரு நாள் உணவு கொடுக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் அதை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே சேர்த்தோம். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே ஊறவிட்டோம். மீனின் கழிவைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் இருக்கின்றன. அது காய்ந்தால் அவையும் போய்விடும். "வாவியில விட்டா என்ன?" என்று பேத்தி கேட்டாள். விடக் கூடாது. தொட்டிக்காகக் கொண்டுவரப்பட்ட 'டேங்க் கிளீனர்' மீன் இலங்கையின் நீர்நிலைகளில் புகுந்து பெருகியிருக்கிறது. வாவி மீன்களை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன.

மறுநாள் அக்காவின் மருமகன் தொட்டி நின்ற மேசையைப் புரட்டிப் பார்த்தார். சுவரோடு இருந்த கால் ஒன்றைக் கறையான் உள்ளே தின்றிருந்தது. வெளியே பூச்சு மட்டும் புதிதுபோல இருந்தது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரத் தொட்டி ஏறக்குறைய 100 லீற்றர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 100 கிலோ. கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் இரண்டு பெரிய ஆட்களின் எடை. ஒரு கால் சற்று இறங்கினாலும் கண்ணாடி முறுகும், மூட்டுப் பசை விடும். அந்த 100 லீற்றர் பத்தடிக்குப் பத்தடி அறை முழுவதும் ஒரு சென்றிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். நிலத்தில் கிடக்கும் பிளக்கை நனைக்க அது தாராளம்.

ஆகவே, தொட்டியைச் சீமெந்துக் கட்டிலோ உறுதியான இரும்பு மேசையிலோ வையுங்கள். அடியில் ஒரு ரெஜிபோம் தகட்டைப் போட்டால் சிறு மேடுபள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றியபின் இரண்டு ஓரங்களிலும் நீர்மட்டத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மேசை சரிந்திருக்கிறது. மாதம் ஒருமுறை மேசைக் கால்களைத் தட்டிப் பாருங்கள். மூட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள். பழைய பசையின் மேல் புதுப் பசை சரியாக ஒட்டாது. முழுவதும் சுரண்டிவிட்டு, மீன் தொட்டிக்குரிய சிலிக்கனைப் பூசி, சில நாட்கள் காயவிட்டு, முற்றத்தில் வைத்துத் தண்ணீர் நிரப்பிச் சோதித்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

தொட்டி உடையாமலும் வீடு நனையும். மின்சாரம் நின்றால் காற்றுப் பம்ப் நிற்கும். பம்ப் தொட்டிக்குக் கீழே இருந்தால், தண்ணீர் அந்தச் சிறு குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் போய் நிலத்தில் வடியலாம். 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் சிறு வால்வைக் குழாயில் பொருத்துங்கள். பிளக்கைச் சுவரில் உயரமாக வைத்து, வயர் அதற்குக் கீழே சற்றுத் தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். வயர் வழியே வரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் தொட்டிக்கு முன் அதைப் பொருத்துவதே அறிவு. ஹோஸ் பைப்பால் தொட்டியை நிரப்பினால், நிரம்பும்வரை ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பெரும் பணமும் பெரிய பொறியியலாளர்களும் இருந்தால் இதெல்லாம் நடக்காது என்று தோன்றலாம். ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு ஹோட்டலுக்குள் 'அக்வாடோம்' என்ற பிரமாண்டமான உருளைத் தொட்டி இருந்தது. பத்து லட்சம் லீற்றர் தண்ணீர், ஏறக்குறைய 1,500 மீன்கள். 2022 டிசம்பர் 16ஆம் திகதி விடிவதற்கு முன் அது வெடித்துச் சிதறியது. தண்ணீர் வீதிவரை பாய்ந்தது. இருவர் காயமடைந்தனர். பெரும்பாலான மீன்கள் இறந்தன. காரணம் இதுதான் என்று நிபுணர்களாலும் உறுதியாகக் கூற முடியவில்லை. விடிகாலையாக இல்லாமல் ஆட்கள் நடமாடும் நேரமாக இருந்திருந்தால் எத்தனை உயிர்கள் போயிருக்கும்!

ஒட்டிய மூட்டு என்றோ ஒரு நாள் விடலாம். அதை முற்றாகத் தடுப்பது நம் கையில் இல்லை. அந்தத் தண்ணீர் எதைத் தொடும் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அக்கா இப்போது இரண்டடித் தொட்டி ஒன்றை முன் விறாந்தையில் சீமெந்துக் கட்டில் வைத்திருக்கிறார். அங்கே நிலம் முற்றத்துப் பக்கம் சரிவு. உடைந்தாலும் தண்ணீர் செவ்வந்திப் பாத்திக்குத்தான் போகும்.

உங்கள் வீட்டில் தொட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். கட்டிலுக்குக் கீழேயும் அலுமாரியின் அடித்தட்டிலும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், நிக்காஹ் பதிவு, காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ், பெற்றாரின் படம், எது அங்கே இருந்தாலும் தண்ணீர் புகாத பையில் போட்டு மேல்தட்டில் வையுங்கள். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அரை மணிநேர வேலைதான்.